டீத்தூளா, லீஃப் டீயா? வீட்டுக்கு எதை வாங்கலாம்

லீஃப் டீ வாங்கிப் பார்க்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் கேட்டால் போதும். முதல் கேள்வி, பால் ஊற்றப் போகிறீர்களா இல்லையா என்பது. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் எந்த ஊர்த் தேயிலை, எவ்வளவு பெரிய இலை, எத்தனை நிமிடம், என்ன பாத்திரம் என்பதெல்லாம் பாதிக்கு மேல் முடிவாகிவிடும். இதை யோசிக்காமல் விலை உயர்ந்த டார்ஜிலிங் டப்பா ஒன்றை வாங்கி, வழக்கம்போல் பாலோடு கொதிக்கவிட்டு, "இதில் என்ன இருக்கிறது, சாயமே இறங்கவில்லையே" என்று அலமாரியில் தூக்கி வைத்துவிட்ட வீடுகள் நிறைய.

நாம் மளிகைக் கடையில் வாங்கும் டீத்தூளும், டப்பாவில் முறுக்கிய இலையாக வருவதும் ஒரே செடியின் கொழுந்துதான். ஆலைக்குள் போனதும் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. டீத்தூள் சிடிசி முறையில் வருவது. வாட்டிய கொழுந்தைப் பல் வைத்த இரண்டு உருளைகளுக்கு நடுவே விடுவார்கள். இரண்டும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு, குருணை குருணையாக வெளியே வரும். 1930களில் அசாமில் உருவான முறை இது. இன்று இந்தியாவில் தயாராகும் தேயிலையில் மிகப் பெரும் பகுதி இதுதான். இன்னொன்று ஆர்தடாக்ஸ் என்ற பழைய முறை. அதில் இலையைக் கிழிப்பதில்லை. அழுத்தி உருட்டி முறுக்குவார்கள். இலையின் சாறு வெளியே வந்து காற்றில் பட்டு நிறம் மாறும், பிறகு சூடான காற்றில் காயவைப்பார்கள். இலை ஓரளவு இலையாகவே மிஞ்சும். லீஃப் டீ என்று நான் இங்கே சொல்வது இந்த ஆர்தடாக்ஸ் தேயிலையைத்தான். சிடிசி குருணையையும் சில கடைகளில் "லீஃப்" என்று விற்கிறார்கள், அது வேறு.

சரி, பால் ஊற்றுகிற வீட்டை முதலில் பார்த்துவிடலாம்.

காலையில் பால் டீதான் வேண்டும், அதுவும் நாக்கில் நிற்கிற மாதிரி கெட்டியாக வேண்டும் என்றால், சிடிசியை விட்டு வேறு எங்கும் போக வேண்டாம். இதைச் சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. தேயிலையின் துவர்ப்புக்குக் காரணமான பொருள்களைப் பாலில் உள்ள புரதம் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் பால் விட்டதும் டீ மென்மையாகிறது. அப்படிப் பிடித்துக்கொண்ட பிறகும் மிச்சம் நிற்கிற அளவுக்குச் சாறு இறங்க வேண்டும் என்றால், கிழிந்து நொறுங்கிய குருணைதான் சரி. முழு இலையில் அவ்வளவு சாறு அவ்வளவு வேகமாக இறங்காது. அதன் பூ வாசனையோ பாலில் காணாமல் போய்விடும். நல்ல டார்ஜிலிங்கில் பால் ஊற்றுவது காசைக் கரைத்துக் குடிப்பதுதான்.

சிடிசிக்குள்ளேயே டஸ்ட், குருணை என்று இரண்டு இருக்கின்றன. தென்னிந்தியாவில் டஸ்ட்தான் அதிகம் போகும். வடக்கிலும் மேற்கிலும் குருணை. டீக்கடையில் துணிப் பையில் தூளைப் போட்டு மேலே வெந்நீர் ஊற்றி டிக்காஷன் இறக்குவதற்கு டஸ்ட் அருமையாக ஒத்துவரும். சில நொடியில் சாயம் இறங்கும், ஒரு கிலோவுக்கு அதிக டீ தேறும். வீட்டில் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவிடுபவர்களுக்கு அதுவே கொஞ்சம் வம்பு. அரை நிமிடம் கவனம் தவறினால் கசந்துவிடும், வடிகட்டியிலும் தங்காமல் டம்ளர் அடியில் வண்டலாக நிற்கும். வீட்டுக்குக் குருணை மேல். தண்ணீர் கொதித்ததும் போட்டு, சிறு தீயில் இரண்டு நிமிடம், அப்புறம் காய்ச்சிய பால், ஒரு கொதி, இறக்கிவிடலாம். பத்து நிமிடம் சுண்டக் காய்ச்சினால் டீ கெட்டியாகாது, கசக்கும்.

பால் டீ குடிப்பவர்கள் லீஃப் டீயை முயன்று பார்க்கவே வேண்டாமா? வேண்டுமென்றால் அசாம் ஆர்தடாக்ஸ், அதுவும் உடைத்த ரகம் வாங்கலாம். மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் இரண்டாம் பருவ அசாமுக்கு முளைகட்டி வறுத்த தானியத்தின் வாசனை இருக்கும், சுவையும் கனமாக இருக்கும். தனியாக ஊறவைத்து வடிகட்டி, மேலே இரண்டு ஸ்பூன் சூடான பால் விட்டால் நன்றாக இருக்கிறது. ஆனால் அது நம்முடைய பால் டீ இல்லை, வேறொரு பானம். வேறொன்று என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கும்.

இனி பால் இல்லாத வீடு. கட்டுரையின் முக்கால் பங்கு இவர்களுக்குத்தான்.

நம் ஊரில் பலர் இந்தப் பக்கம் வருவது ரசனையால் அல்ல, ரத்தப் பரிசோதனை முடிவால். சர்க்கரையை நிறுத்து, பாலைக் குறை என்று மருத்துவர் சொல்லிவிடுகிறார். வீட்டில் இருக்கிற அதே டீத்தூளை வெறும் தண்ணீரில் கொதிக்கவிட்டு, சர்க்கரை இல்லாமல் குடித்துப் பார்த்து, முகத்தைச் சுளித்து, "பிளாக் டீ எனக்கு ஒத்துவராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஒத்துவராதது பிளாக் டீ அல்ல, அந்தத் தூள். பாலையும் சர்க்கரையையும் நம்பிச் செய்யப்பட்ட பண்டத்திலிருந்து இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது துவர்ப்பு மட்டும்தான். பாலும் சர்க்கரையும் இல்லாமல் குடிக்கப்போகிறவருக்கு ஆர்தடாக்ஸ் இலை ஆடம்பரமே இல்லை. அவருக்குச் சரியான தேயிலையே அதுதான்.

எந்த ஊர் இலை என்பது அடுத்தது. தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு என் முதல் சிபாரிசு நீலகிரி. பக்கத்து ஊர்ப் பாசத்தால் சொல்லவில்லை. நீலகிரி மலை தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்குகிறது. வருடம் முழுக்கக் கொழுந்து பறிக்கிறார்கள். குன்னூர், கோத்தகிரி, குந்தா பக்கம் உயரமான தோட்டங்களில், டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை குளிரில் செடி மெதுவாக வளரும்போது பறிக்கும் இலைக்கு வாசனை கூடும். உறைபனி விழும் இரவுகளை ஒட்டிப் பறிப்பதை "ஃப்ராஸ்ட் டீ" என்று தனியாகவே விற்கிறார்கள். நல்ல நீலகிரி ஆர்தடாக்ஸ் டம்ளரில் தங்க நிறத்தில் தெளிவாக நிற்கும். லேசான பூ வாசனை, குறைந்த துவர்ப்பு. ஒரு நிமிடம் கூடுதலாக ஊறிவிட்டாலும் டார்ஜிலிங் அளவுக்குப் பழிவாங்காது. புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பொறுமை முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. பாக்கெட்டில் "நீலகிரி" என்று இருந்தால் மட்டும் போதாது. அந்த மாவட்டத்தில் தயாராவதில் பெரும்பகுதி சிடிசிதான். சிறு விவசாயிகள் பறித்துக் கொடுக்கும் பச்சைக் கொழுந்தை விலைக்கு வாங்கி அரைக்கும் ஆலைகள் அங்கே ஏராளம். கூட்டுறவு ஆலைகளின் கூட்டமைப்பான இன்ட்கோசர்வ் ரேஷன் கடைகளுக்குக் கொடுக்கும் ஊட்டி டீயும், இலங்கையிலிருந்து 1964 ஒப்பந்தப்படி திரும்பிவந்த தோட்டத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறைத் திட்டமாகத் தொடங்கிய டேன்டீயின் தூளும் பால் டீக்கு நல்ல சரக்கு. வெறும் டீக்கு வேண்டுமென்றால் "ஆர்தடாக்ஸ்" என்ற சொல்லை பாக்கெட்டில் தேடுங்கள். கோரகுந்தா, சாம்ராஜ், கிளென்டேல் என்று தோட்டத்தின் பெயரோடு வருவது இன்னும் நல்லது. எங்கே விளைந்தது என்று சொல்லத் தயங்காத பாக்கெட் அது.

டார்ஜிலிங்கைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தியாவில் முதன்முதலில் புவிசார் குறியீடு பெற்ற பொருள் அதுதான். 87 தோட்டங்களுக்கு மட்டுமே அந்தப் பெயருக்கு உரிமை. மார்ச், ஏப்ரலில் பறிக்கும் முதல் பருவ இலை பேருக்குத்தான் பிளாக் டீ. இலையைப் பார்த்தால் பாதி பச்சையாக இருக்கும், டம்ளரில் வெளிர் மஞ்சளாக நிற்கும், வாசனை மட்டும் எழும்பி வரும். ஜூனில் வரும் இரண்டாம் பருவம் நிறமும் கனமும் கூடியது, ஒருவகைத் திராட்சை வாசனை கொண்டது. அருமையான தேயிலைதான். ஆனாலும் முதல் டப்பாவாக இதை வாங்காதீர்கள் என்பேன். விலை அதிகம், தவறாக ஊறவைத்தால் மன்னிக்காது, பக்கத்து நேபாளத் தேயிலை டார்ஜிலிங் பெயரில் கலந்து விற்கப்படுகிறது என்ற புகாரும் பல வருடமாக இருக்கிறது. நேபாளத் தேயிலை மட்டம் இல்லை, பல சமயம் நன்றாகவே இருக்கும். டார்ஜிலிங் விலை கொடுத்து அதை வாங்குவதில்தான் அர்த்தமில்லை. நாக்கு பழகிய பிறகு 50 கிராம் இரண்டாம் பருவம் வாங்கிப் பாருங்கள்.

இலங்கைத் தேயிலை எனக்கு நீலகிரிக்குச் சமமாகப் பிடித்தது. 1867இல் கண்டிக்குப் பக்கத்தில் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்டபோது அந்த மலைகளில் காப்பிதான் ராஜா. இரண்டு வருடத்தில் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்தது, பிறகு மலை மலையாகத் தேயிலைக்கு மாறியது. அந்த மலைகளில் கொழுந்து பறித்தவர்களும் இன்றும் பறிப்பவர்களும் பெரும்பாலும் நம் மக்கள்தான். இலங்கையில் இப்போதும் பெரும்பங்கு ஆர்தடாக்ஸ் முறை. அதனால் அங்கே மலையகத்திலும் யாழ்ப்பாணத்திலும் பால் இல்லாத பிளேன்டீ ஏழைக்கும் பணக்காரருக்கும் பொது. வெறும் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளும் பழக்கம், சர்க்கரையை ஒரேயடியாக விட முடியாதவர்களுக்கு நல்ல நடுவழி. டம்ளரில் கரைக்கும் அளவில் பாதிகூடச் செலவாகாது.

அங்கே உயரத்தை வைத்துப் பிரிப்பார்கள். ஏறக்குறைய 6,000 அடியில் இருக்கும் நுவரெலியாவின் தேயிலை மெல்லியது, வெளிர் நிறம், டார்ஜிலிங் குடிப்பவர்களுக்குப் பிடிக்கும். திம்புள்ளையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை தரமான பருவம். பளிச்சென்ற செந்நிறம், வெறுமனேயும் குடிக்கலாம், கொஞ்சம் பாலும் தாங்கும். ஊவாவில் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும்போது இலைக்குப் புதினாத் தைலம் போன்ற ஒரு குளிர்ச்சி வாசனை வருகிறது. சிலருக்கு அது உயிர், சிலர் இருமல் மருந்து என்பார்கள். தெற்கே ருகுணவின் தாழ்நிலத் தேயிலை கறுத்து, கனத்து இருக்கும். நான் ஒன்றைத்தான் சொல்ல வேண்டுமென்றால் திம்புள்ளை. பாக்கெட்டில் வாளேந்திய சிங்கச் சின்னம் இருந்தால் அது முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டது என்று அர்த்தம்.

பாக்கெட்டில் இருக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஓபி என்றால் நீளமான முழு இலை, பிஓபி என்றால் உடைத்த இலை, பிஓபிஎஃப் இன்னும் பொடி, அதற்கும் கீழே டஸ்ட். எஃப்டிஜிஎஃப்ஓபி என்று நீளமாக இருந்தால் முழு இலையோடு தங்க நிறக் குருத்துகளும் அதிகம் என்று பொருள். இவை முக்கியமாக இலையின் அளவையும் தோற்றத்தையும் சொல்பவை. சுவைக்கு உத்தரவாதம் இல்லை. நல்ல தோட்டத்தின் பிஓபி, சுமாரான தோட்டத்தின் ஆறெழுத்துத் தேயிலையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பால் டீயிலிருந்து வெறும் டீக்கு மாறுபவருக்குப் பிஓபிதான் சரியான படி. நாக்கு எதிர்பார்க்கும் நிறமும் கனமும் அதில் கிடைக்கும். முழு இலையை முதலில் கொடுத்தால் வெந்நீர் குடிப்பதுபோல் இருக்கிறது என்பார்கள்.

வாங்கியாயிற்று. ஊறவைப்பதில்தான் பெரும்பாலான டப்பாக்கள் வீணாகின்றன. இங்கே மாற்றிக்கொள்ள வேண்டிய பழக்கம் ஒன்றே ஒன்று: இலையை அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடக் கூடாது. தண்ணீர் கொதிக்கட்டும், அடுப்பை அணையுங்கள், இலையின் மேல் ஊற்றுங்கள், மூடுங்கள், நேரம் பாருங்கள், வடிகட்டுங்கள். ஆர்தடாக்ஸ் இலைக்கு இவ்வளவுதான் செய்முறை.

அளவு, ஒரு டம்ளருக்கு, அதாவது 150 முதல் 200 மில்லிக்கு, 2 கிராம். ஸ்பூன் கணக்கு இங்கே ஏமாற்றும். டீத்தூள் ஒரு ஸ்பூனில் அடங்குகிற எடைக்கு முழு இலை இரண்டு ஸ்பூன் வேண்டியிருக்கும், ஏனென்றால் அது ஸ்பூனில் பாதி காற்றோடு உட்கார்ந்திருக்கும். சமையலறைத் தராசு இருந்தால் ஒரு முறை நிறுத்துப் பார்த்துக்கொண்டால் போதும், பிறகு கண்ணே அளந்துவிடும். பிஓபிக்கு மூன்று நிமிடம், முழு இலைக்கு நான்கிலிருந்து ஐந்து, டார்ஜிலிங் முதல் பருவத்துக்கு இரண்டரையிலிருந்து மூன்று.

தேயிலை சுவைப்பவர்களுக்கென்று ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேச முறை இருக்கிறது: 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், ஆறு நிமிடம். அதைப் பார்த்துவிட்டு வீட்டில் அப்படிச் செய்யாதீர்கள். தேயிலையின் குறைகள் எல்லாம் வெளியே தெரிய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே கடுமையாக இறக்கும் முறை அது. நமக்கு வேண்டியது குடிக்கத் தக்க டீ.

"இன்னும் கொஞ்சம் சாயம் இறங்கட்டும்" என்று விட்டுவைப்பதுதான் பால் டீக் கைகள் செய்யும் பெரிய தப்பு. லைட்டாக இருக்கிறது என்று தோன்றினால் அடுத்த முறை இலையைக் கூட்டுங்கள், நேரத்தைக் கூட்டாதீர்கள். நேரம் கூடக்கூட வருவது பெரும்பாலும் துவர்ப்பும் கசப்பும்தான். நிறத்தை நம்பவும் கூடாது. டார்ஜிலிங் முதல் பருவம் எவ்வளவு நேரம் வைத்தாலும் நம் கண்ணுக்குப் பழகிய செந்நிறத்துக்கு வராது. கசப்பு மட்டும் வந்து சேரும்.

வெப்பத்தைப் பற்றி ஒரு வேடிக்கை. சென்னையில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். டார்ஜிலிங் ஊரிலும் ஏறக்குறைய அதே கதைதான். அதனால் அங்கே போய்க் குடித்துவிட்டு "அந்த ருசி இங்கே வரவில்லையே" என்று குறைப்படுபவர்கள், சமவெளியில் கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு ஊற்றிப் பார்க்கலாம். மெல்லிய மலைத் தேயிலைகளுக்கு வித்தியாசம் தெரியும். அசாம், திம்புள்ளை, நீலகிரி பிஓபிக்குக் கொதிக்கக் கொதிக்கவே ஊற்றலாம்.

தண்ணீரும் கணக்கில் வரும். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டில் போடும் டீயும், நாலு தெரு தள்ளி போர்த் தண்ணீரில் போடும் டீயும் ஒன்றாக இருக்காது. உப்புத் தண்ணீரில் டீ மங்கிப்போகும், ஆறியதும் மேலே மெல்லிய ஏடு படரும். பால் டீயில் இது மறைந்துவிடும், வெறும் டீயில் மறையாது. ஆர்ஓ தண்ணீர் பரவாயில்லை. சிலதில் உப்பே இல்லாமல் டீ சப்பென்று இருக்கும். அப்படியானால் ஆர்ஓவில் கொஞ்சம் குழாய்த் தண்ணீர் கலந்து பாருங்கள். நல்ல தண்ணீர் கிடைக்காத வீட்டில் விலை உயர்ந்த தேயிலைக்குச் செலவழிப்பதற்கு முன் தண்ணீருக்கு ஒரு வழி செய்வது புத்திசாலித்தனம்.

அடுத்தது பாத்திரம். கடைகளிலும் ஆன்லைனிலும் இதற்கென்று ஒரு சந்தையே நடக்கிறது. சங்கிலியில் தொங்கும் ஓட்டை போட்ட உருண்டை ஒன்று விற்பார்கள், பார்க்க அழகு. அதை வாங்காதீர்கள். ஊறிய இலை இரண்டு மூன்று மடங்கு விரியும். உருண்டைக்குள் நெரிசலில் மாட்டிக்கொண்டு நடுவில் இருக்கும் இலை நனைந்தும் நனையாமலும் கிடக்கும். அதற்குப் பதில் டம்ளர் வாய்க்குள் உட்காரும் ஆழமான கூடை வடிகட்டி நல்லது. இலைக்கு இடம் இருக்கும், நேரம் ஆனதும் அப்படியே தூக்கிவிடலாம். ஒருவர் மட்டும் குடிக்கும் வீட்டுக்கு என் தேர்வு இதுதான்.

இரண்டு மூன்று பேர் என்றால் பீங்கான் அல்லது கண்ணாடி டீப்பாட். காப்பிக்கென்று வாங்கிய பிரெஞ்ச் பிரஸ் இருந்தால் அதுவும் ஒத்துவரும், ஆனால் நேரமானதும் முழுவதையும் ஊற்றிவிட வேண்டும். அழுத்தி வைத்தாலும் அடியில் இலை ஊறிக்கொண்டேதான் இருக்கும். காப்பி எண்ணெய் வாசம் போகக் கழுவியிருக்கவும் வேண்டும். நம் காப்பி ஃபில்டர் இதற்கு உதவாது, தண்ணீர் இலையோடு நிற்காமல் இறங்கிவிடும். இதில் எதுவுமே இல்லையா? மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம், ஒரு வடிகட்டி. போதும். இதில் போட்ட டீக்கும் 3,000 ரூபாய் டீப்பாட்டில் போட்டதற்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்வது கஷ்டம். நேரம் பார்க்கிற போன்தான் முக்கியமான கருவி.

டீ பேக் பற்றிக் கேட்பீர்கள். அவசரத்துக்கும் அலுவலகத்துக்கும் சரி. பெரும்பாலான பைகளில் இருப்பது ஆர்தடாக்ஸாக இருந்தாலும் பொடி ரகம்தான்; சீக்கிரம் இறங்கும், சீக்கிரம் கசக்கும். பட்டுப்போல் பளபளக்கும் முக்கோணப் பைகளில் பல பிளாஸ்டிக் இழையால் ஆனவை. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019இல் அத்தகைய ஒரு பையிலிருந்து கோடிக்கணக்கான நுண்துகள்கள் வெந்நீரில் கலப்பதாக எழுதினார்கள். அந்த எண்ணிக்கையை மற்ற நிபுணர்கள் கேள்வி கேட்டார்கள். எண்ணிக்கை எப்படியோ, கொதிநீரில் பிளாஸ்டிக்கை ஊறவைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிரீன் டீயை எடை குறைக்க வாங்குபவர்களோடு வாதாடப் போவதில்லை. ஆனால் கசக்கிறது என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பதற்கு அவசியமே இல்லை. கொதிநீர் பட்டால் அது கசக்கத்தான் செய்யும். அதற்கு 75, 80 டிகிரி போதும். வெப்பமானி வேண்டாம், நம்மிடம் ஆற்றும் வித்தை இருக்கிறதே. கொதித்த தண்ணீரைச் சூடில்லாத ஒரு பாத்திரத்துக்கு மாற்றும்போது ஏறக்குறைய பத்து டிகிரி இறங்கும். இரண்டு முறை மாற்றிவிட்டு இலையில் ஊற்றுங்கள், இரண்டு நிமிடத்தில் வடிகட்டுங்கள். அதே இலையில் இரண்டாம் முறையும் ஊற்றலாம். பிடித்தால் குடியுங்கள், பிடிக்காவிட்டால் நீலகிரி பிளாக் டீக்கு வந்துவிடுங்கள், உடம்புக்கு ஒன்றும் குறைந்துவிடாது. எந்த டீயானாலும் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம். உணவிலிருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது தடுக்கும், கீரையிலும் பருப்பிலும் கிடைப்பதைக் குறிப்பாக. ரத்தசோகை உள்ளவர்கள் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது.

விலையைப் பார்த்துத் திகைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 100 கிராம் டப்பா 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டம்ளருக்கு 2 கிராம் என்றால் 50 டம்ளர். ஒன்றுக்கு 6 ரூபாய். பாலும் சர்க்கரையும் இல்லை என்பதால் அதோடு செலவு முடிந்தது. முழு இலையை இரண்டாம் முறையும் ஊறவைத்தால், நேரத்தை ஓரிரு நிமிடம் கூட்டி, இன்னும் குறையும். பிஓபி இரண்டாம் முறைக்குத் தாங்காது. டீக்கடையில் ஒரு டீக்குக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் நல்ல லீஃப் டீ மலிவு. 1,500 ரூபாய் டப்பாவுக்கு இந்தக் கணக்கு செல்லாது, அது வேறு ஆசை.

முதல் முறை 100 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். ஊட்டிக்குச் சுற்றுலா போகும்போது சாக்லேட்டோடு சேர்த்துக் கிலோ கணக்கில் வாங்கிவரும் வழக்கம் நமக்கு உண்டு. வெயில் படும் கண்ணாடி ஜாடியில் நாள்கணக்கில் இருக்கும் தேயிலையையும், சாக்லேட் டீ, ஏலக்காய் டீ என்று தூக்கலாக வாசனை ஏற்றியதையும் தவிர்த்துவிடுங்கள். மட்டமான இலையை மறைக்க வாசனையைவிட எளிய வழி கிடையாது. பறித்த மாதமோ பொதி செய்த தேதியோ இருக்கிற, மூடிய பாக்கெட்டாக வாங்குங்கள். உதிரியாக வாங்கிய தூளில் சாயம் கலந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால், நனைத்த வெள்ளைத் தாளில் கொஞ்சம் தூவிப் பாருங்கள். சாயம் ஏற்றியது உடனே பளிச்சென்ற கறையை விடும். நல்ல தேயிலை பச்சைத் தண்ணீரில் அவ்வளவு சீக்கிரம் நிறம் விடாது.

வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேல் அலமாரியில், சாம்பார்ப் பொடிக்கும் பெருங்காயத்துக்கும் நடுவே வைத்தால் எல்லாம் போச்சு. பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்வதில் தேயிலையை மிஞ்ச ஆளில்லை. இறுக்கமாக மூடும், வெளிச்சம் புகாத டப்பா, அடுப்பை விட்டுத் தள்ளி. ஃப்ரிட்ஜ் வேண்டாம், திறந்து மூடும்போதெல்லாம் ஈரம் ஏறும். இப்படி வைத்தால் பிளாக் டீ ஒரு வருடம் தாராளமாக இருக்கும். கிரீன் டீயும் டார்ஜிலிங் முதல் பருவமும் அவ்வளவு தாங்காது, ஆறு மாதத்துக்குள் குடித்துவிடுவது நல்லது.

பழசாகி வாசனை குறைந்த இலை மிச்சம் இருந்தால் கொட்ட வேண்டியதில்லை. அரை லிட்டர் பச்சைத் தண்ணீரில் 5, 6 கிராம் போட்டு மூடி, இரவு முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, காலையில் வடிகட்டினால் மே மாத வெயிலுக்கு ஐஸ் டீ தயார். குளிர்ந்த நீரில் கசப்பு குறைவாகவே இறங்குவதால் சர்க்கரை இல்லாமலே தொண்டையில் இறங்கும். சூடாகப் போட்டு ஆறவைத்தால் பல தேயிலைகள் கலங்கிவிடும். நீலகிரி கலங்காமல் நிற்கும், ஐஸ் டீக்காரர்கள் அதைத் தேடி வாங்குவதே இதனால்தான். எலுமிச்சை பிழிந்தால் நிறம் சட்டென்று வெளிறிவிடும். டீயில் கோளாறு ஒன்றும் இல்லை, புளிப்பு பட்டால் அப்படித்தான் ஆகும்.